பதினோராவது வீடியோ

என் ஓரகத்தி பிரபாவதி மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். நாலாயிரம் ரூபாய் கட்டி, போனிலேயே ஒரு வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டாள். மொத்தம் பதினாறு வீடியோ. ஆப்பைத் திறந்து பார்க்கலாம், இறக்கி வைத்துக்கொள்ள முடியாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்பாக வரும். அதை நாங்கள் குறையாகவே நினைக்கவில்லை. "காசு கட்டிகீறோம், எப்ப வேணா பாக்கலாம்" என்பாள்.

அதுவரை அவளுக்குக் காதுகுத்து, வளைகாப்பு வேலைகள்தான். முதல் கல்யாண வேலை நகரி ஊர்ப் பெண்ணுக்கு, மலைக்கோயில் மண்டபத்தில். இது நன்றாக அமைந்தால் அந்தச் சொந்தத்திலேயே இன்னும் இரண்டு கல்யாணம் இவளுக்கு வரும்.

அன்று முகூர்த்தமும் கிருத்திகையும் சேர்ந்துகொண்டன. மலை முழுக்கக் காவடிக் கூட்டம். பெண் சவுரியைக் கழற்றியதும் பிரபாவதி, உதவிக்குப் போயிருந்த என்னைப் பார்த்தாள். முன்பு பார்த்த அடர்த்தியெல்லாம் சவுரியுடையது. சொந்த முடி எலிவால் அளவு. பூ ஜடையோ ஒரு கிலோ கனம். மெல்லிய முடியில் அதை நிற்க வைப்பது பதினோராவது வீடியோ. ஒரே ஒருமுறை பார்த்திருந்தாள்.

போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அத்தனை கூட்டத்தில் யாருக்கும் நெட் வரவில்லை. முகூர்த்தத்துக்கு ஐம்பது நிமிடம்.

"இன்னாம்மா, பின்னத் தெரியுமா, இல்ல பாத்துதான் பின்னுவியா?" என்றாள் பெண்ணின் பெரியம்மா.

பிரபாவதி என் போனை வாங்கிக்கொண்டு தன்னுடையதை என் கையில் திணித்தாள். "கீழ ஓடு. எங்கனா வைஃபை இருந்தா வீடியோவப் பாத்து எனக்குப் போன்ல சொல்லு."

ஏறி வரும் காவடிகளுக்கு நடுவே படி இறங்கினேன். அடிவாரத்தில் ராஜமாணிக்கம் என்பவரின் ஜெராக்ஸ் கடை. வாசலில் நின்றேன்.

"இன்னாம்மா வேணும்?"

"வைஃபைண்ணா."

"சீரியல் வுட்டுப்போச்சா?"

"மேல பொண்ணு தலைய விரிச்சிகினு உக்காந்துகினு கீதுண்ணா."

சிரித்துவிட்டுப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தார். வீடியோ ஓடியது. மூன்றாவது தடவை அழைப்பு கிடைத்தது.

"அக்கா, உச்சில சுண்டுவிரல் தடி முடி எடு. பின்னிச் சுருட்டி ஊசி குத்து."

"குத்திட்டேன். அப்பறம்?"

"பூ ஜடைய கழுத்தாண்ட கட்டாத. அந்தச் சுருட்டுலயே நூல் கோத்துத் தொங்கவுடு."

"ஐயோ, இழுக்குதுடி! பொண்ணு அழுவுது!"

அழைப்பு அறுந்தது. பாரம் குறைப்பது வீடியோவின் அடுத்த கட்டத்தில்தான் இருந்தது. மறுபடி அடித்தேன். கிடைக்கவில்லை. மறுபடி. பன்னிரண்டு நிமிடம் போனது. கிடைத்தபோது நாதஸ்வரம் கேட்டது.

"நடுவுல ரெண்டு எடத்துல ஜாக்கெட்டோட சேத்துத் தெச்சிடுக்கா! பாரம் முதுகுக்குப் போயிடும்!"

பெரியம்மாவின் குரல், வளையல் சத்தம், "எழுந்திரும்மா" என்று யாரோ. பிறகு மேளம் மட்டும். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"அக்கா, நிக்குதா?"

"இரு. குனிஞ்சி அய்யரு கால்ல வுழுறா."

மறு காதைப் பொத்திக்கொண்டேன்.

"நிக்குதுடி."

"வரேன்க்கா" என்று படியை நோக்கி நடந்தேன்.

"ஏய், மேல வராத! அங்கயே நில்லு. தாலி கட்னதும் கொண்டை கேக்குறாங்க. பன்னண்டாவத எடுத்து வை."