பாம்புக்குப் பால் வைக்காத ஆன்ட்டி

டெக்சாஸின் பேர்லேண்டில் எங்கள் தெருவில் இருந்த அந்த ஆன்ட்டியின் வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. ஒல்லியான உடம்பு, நெற்றியில் காலணா அகலக் குங்குமம், எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லாத பேச்சு. காலேஜுக்குப் போன மகள் விட்டுச்சென்ற, செல்லமாக வளர்த்த விஷமில்லாத கார்ட்டர் பாம்பை அவர்தான் பார்த்துக்கொண்டார்.

ஓர் ஆடி வெள்ளியன்று தாம்பூலம் வாங்கப் போயிருந்தேன். கண்ணாடித் தொட்டிக்குள் கோடு போட்ட அந்தச் சின்னப் பாம்பைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"நல்ல நாள் ஆன்ட்டி, கொஞ்சம் பால் வைக்கலாமே?"

"கூடவே கூடாது. அதுக்குப் பால் டைஜஸ்ட் ஆகாது."

கராஜ் ஃப்ரீஸரிலிருந்து எடுத்து வெந்நீரில் பதமாக்கி வைத்திருந்த எலிக்குஞ்சை இடுக்கியால் தூக்கி நீட்டினார். பாம்பு வந்து கவ்வும்வரை முகத்தைத் திருப்பவில்லை, கையும் ஆடவில்லை.

"வெள்ளிக்கிழமை அதுவுமாவா ஆன்ட்டி?"

"வெள்ளிக்கிழமை எனக்குத்தானே? அதுக்கு இல்லையே."

இடுக்கியைக் கழுவி வைத்தார். தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு குங்குமச் சிமிழை எடுத்து வந்தார். அந்தக் கையால் குங்குமமா என்று ஒரு கணம் தயங்கினேன். அதற்குள் என் தலை தானாகக் குனிந்திருந்தது.