கம்பி மூடியில் வைத்த பொட்டு

ஈரத் துணியில் சந்தனமும் குங்குமமும் கலந்து வந்தால் மங்கலான செம்மண் நிறம். அந்த நிறம் என் விரல் இடுக்குகளில் இரண்டு நாள் இருந்தது. சோப்புப் போட்டும் போகவில்லை என்று சொன்னால் அது கதை விடுவது. இரண்டு நாள் நான் சரியாகக் கை கழுவவே இல்லை, அதுதான் உண்மை.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, பைபாஸை ஒட்டி இருந்த ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நான் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். பசை தடவும் மிஷினில் நின்றவர் ஓர் அக்கா. கோலியனூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருவார். அவரைப் போல ஜாக்கிரதையான ஆளை நான் பார்த்ததில்லை. துப்பட்டாவுக்கு ஊக்கு குத்தாமல் வரும் பெண்களை வாசலிலேயே நிறுத்துவார். தன் வளையலைக் கழற்றி டிபன் பாக்ஸில் போட்டுவிட்டுத்தான் மிஷினைத் தொடுவார். "வேலை நாளைக்கும் இருக்கும், வெரலு இருக்காது" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய், அவர் வாயைத் திறக்கும் முன்பே நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த மிஷினின் இரண்டு உருளைகளுக்கு முன்னால் ஒரு கம்பி மூடி உண்டு. கை உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். ஆயுத பூஜைக்கு முதல் நாள் அதைக் கழற்றி, பசையைச் சுரண்டிக் கழுவி, மூலையில் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தோம். அக்கா ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் தன் மிஷினுக்கு வேறு யாரையும் பொட்டு வைக்க விடமாட்டார். மூடியிலும் அவரே சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, ஒரு முழம் சாமந்தியும் சுற்றினார்.

லீவு முடிந்து வந்தால் தலைக்கு மேல் வேலை, வாசலில் லாரி. "ஜல்தி ஓட்டுங்க, இந்த லோடு போவட்டும், மூடியை அப்புறம் மாட்டிக்கலாம்" என்றார் ஃபோர்மேன். லோடு போனது, அடுத்த லோடு வந்தது. மூடி இல்லாததால் சிக்கிய அட்டையை உருவுவது சுலபமாக இருந்தது. ஃபோர்மேனே ஓடுகிற மிஷினில் கையை நீட்டி ஒன்றை உருவினார். அதைப் பார்த்து எல்லோரும் அப்படியே செய்தோம். பத்து நாளில் மூடி அந்த மூலையில் சாமி சாமானோடு சாமானாகிவிட்டது. மூடி இல்லாமல் ஓட்டுவது ஆபத்தில்லையா என்று ஒருமுறை அக்காவிடம் கேட்டேன். "ஆபத்துன்னா ஃபோர்மேன் மாட்டச் சொல்லியிருக்க மாட்டாரா தம்பி?" என்றார். ஃபோர்மேனோ பிற்பாடு என்னிடம் அழுதுகொண்டு சொன்னது வேறு. அந்த அம்மா அவ்வளவு உஷாரானவர், ஆபத்தாக இருந்தால் அவரே கேட்டிருப்பார் என்று இவர் நினைத்தாராம். நான் மட்டும் என்ன பெரிய ஒழுங்கு? இரண்டு பேரும் நிம்மதியாக இருக்கிறார்களே என்று நானும் நிம்மதியாக இருந்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே பயமில்லை என்று முடிவு கட்டிவிட்டோம். மிஷினை யாரும் பார்க்கவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், காலை டீக்குச் சற்று முன்னால் அது நடந்தது. அக்கா கத்தவில்லை. மிஷினின் சத்தம் மாறியதே என்று திரும்பினேன். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. வேனில் ஏற்றும்போது அவர் என்னைப் பார்த்து, "நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றார்.

ஆய்வுக்கு ஆள் வருவதாகப் போன் வந்ததும் ஃபோர்மேன் மூடியைத் தூக்கிவந்து மாட்டினார். நாலே போல்ட். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மூடியில் சந்தனம் காய்ந்து அப்படியே இருந்தது, சாமந்தி சருகாய்த் தொங்கியது. ஓடுகிற மிஷினில் இருந்திருந்தால் அந்தப் பூ ஒரு நாள் தாங்காது, மூடி மாட்டாமலே கிடந்தது என்று பார்த்தவுடன் யாருக்கும் தெரிந்துவிடும். "அதைத் தொடச்சிடு தம்பி" என்று ஃபோர்மேன் ஈரத் துணியைக் கொடுத்தார். துடைத்தேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஆய்வுக்கு வந்த ஆபீசர் மூடியை ஆட்டிப் பார்த்தார். தடுப்பு இருந்தும் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்.

சில மாதங்களில் நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். பல வருடம் கழித்து, போன வாரம் ஒரு காரியமாக அங்கே போனபோது அக்கா கேட்டில் காவலுக்கு இருந்தார். காலையில் புதுப் பெண்களை வரிசையாக நிறுத்தி, அந்தக் கையைத் தூக்கிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். மூடி இருந்தும் தான் கவனமாக இல்லாததால் வந்த வினை என்றார். கம்பெனி சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறார் என்று நினைத்தேன். பெண்கள் உள்ளே போனதும் கிட்டே போய், இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அன்னைக்கு மிஷின்ல மூடி இல்லக்கா. மூலையில கெடந்ததை அப்புறம்தான் மாட்டுனாங்க. பொட்டைத் தொடச்சது நானு."

கோபப்படுவார், அழுவார், என் சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"உனக்கு மறந்துபோச்சு தம்பி. மனசைப் போட்டுக் கொழப்பிக்கினு இருக்காத. மூடி மிஷின்லதான் இருந்துச்சு, ஆபீசரே பாத்து எழுதுனாரு. இந்தக் கையாலதான அதுக்குப் பொட்டு வச்சேன், எனக்குத் தெரியாதா?"

காட்ட என்னிடம் எதுவும் இல்லை. இருந்த ஒரே சாட்சியை நான்தான் துடைத்தேன். என் கைகளைப் பார்த்தேன். பத்து விரலும் இருந்தன, துளிக் கறை இல்லாமல்.