ஹுமைத் வீட்டுப் பகல் கல்யாணம்

என் படகின் எஞ்சின் பழுதாகிக் கிடந்த வருஷம், விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்தால் எங்கள் வாசலுக்குள் ஈரச் சாக்கில் சுற்றிய மீன் ஒன்று கிடக்கும். யார் வைத்தது என்று பக்கத்து வீட்டு ஹுமைதிடம் கேட்டால், "பூனை கொண்டு வந்திருக்கும். உங்க வீட்டுப் பூனைக்கு நல்ல மனசு" என்பார். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது.

ஓமான் கடற்கரையில் எங்கள் ஊரான ராஸ் அல் ஹத்தில் பிறந்து, அங்கேயே வலை போட்டு, இரண்டு பெண்களை வளர்த்த மனிதர் அவர்; எனக்கு அண்ணன் மாதிரி, காக்கா என்றுதான் கூப்பிடுவேன். மூத்தவள் ஸுவைனாவின் கல்யாணத்துக்கு ஊரில் யாரும் செய்யாத அளவுக்கு வீட்டை ஜோடித்தார். கடலைப் பார்த்த சுவர் முழுக்கச் சரவிளக்கு. பக்கத்து நகரமான ஸூரிலிருந்து வாடகைக்கு வந்த பெரிய விளக்கொன்று கம்பத்தில் நின்றது. "படகுல இருந்து பார்த்தாலும் உங்க வீடுதான் தெரியுது" என்று ஜனங்கள் சொல்லச் சொல்ல, அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

ஆமைகள் மணலில் முட்டையிடுகிற ஊர் எங்களுடையது. குஞ்சுகள் இருட்டில் வெளியே வந்ததும் வெளிச்சமான பக்கமாக ஓடும். கடல்தான் அந்தப் பக்கம் என்று படைத்தவன் அவற்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறான். இது இங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அன்று அவை கல்யாண வீட்டுக்கு வந்தன.

விடிந்தபோது பள்ளிவாசலிலிருந்து நாங்கள் சேர்ந்து நடந்து வந்தோம். விருந்தாளிகளின் கார் சக்கரங்களில் நசுங்கியும் சுவரோரம் காய்ந்தும், உள்ளங்கை அளவுகூட இல்லாத உடம்புகள் கிடந்தன. காகங்கள் இறங்கியிருந்தன. "ஆமைங்களும் ஹரீஸ் சாப்பிட வந்துச்சு போல" என்று ஒரு விருந்தாளி சிரித்தார். ஹுமைத் சிரிக்கவில்லை. புதுத் தலைப்பாகையை அவிழ்த்து, உயிருள்ளவற்றை அதில் பொறுக்கிக்கொண்டு கடலுக்குப் போனார். திரும்பி வந்தவரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"தெரியாம நடந்ததுதானே காக்கா" என்றேன்.

"தெரியாமலா? விளக்கு மாட்டுறப்பவே ஞாபகம் வந்துச்சு. ஒரு ராத்திரிதானேன்னு இருந்துட்டேன்."

பிறகு அவர் தொழுகையில் முன்வரிசையில் நிற்பதை விட்டுவிட்டார். யாராவது அந்தக் கல்யாணத்தைப் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவார்.

இளையவள் கபீஷாவின் கல்யாணமும் ஆமைக் காலத்திலேயே வந்தது. மாப்பிள்ளை கப்பலுக்குத் திரும்ப வேண்டியவர், தள்ளிப்போட வழியில்லை. விருந்தைப் பகலிலேயே வைத்து, பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்கு முன் முடித்துவிடலாம் என்றார் ஹுமைத். மாப்பிள்ளையின் பெரியப்பா மஸல்லம் கஹ்வா காப்பிக் கிண்ணத்தைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"மூத்தவளுக்கு ஊரே வெளுக்க விளக்கு. எங்க வீட்டுக்கு வர்றவளுக்கு இருட்டா? இது கல்யாணமா, மய்யித்து கெடக்குற எழவு வீடா? எங்களைப் பார்த்தா இளப்பமா இருக்கா?"

கரையில் விளக்கு கூடாதென்று அரசாங்க உத்தரவு என ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஹுமைத் தப்பித்திருப்பார். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"அந்த விளக்காலதான், பெரியவரே, இந்த வாசல்ல அத்தனை குஞ்சும் செத்துச்சு. தெரிஞ்சே எரிச்சேன். வாழ்நாள் பூரா கடல் எனக்குச் சோறு போட்டுச்சு. அது கேட்டது ராத்திரியில கொஞ்சம் இருட்டு. அதைக்கூட நான் குடுக்கல."

வெட்கத்தில் காது மடல் வரை ஹுமைத் சிவந்திருந்தார். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து கபீஷாவின் குரல் வந்தது.

"பகல்லயே வாங்க பெரியப்பா. என் மூஞ்சி பகல்லயும் பாக்குற மாதிரிதான் இருக்கும்."

மஸல்லம் வாய்விட்டுச் சிரித்தார். "வாயாடி! எங்க வீட்டுக்கு ஏத்தவதான்" என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.

வெயிலில் வியர்த்து வழிந்தபடி, "கஞ்சன்" என்று முணுமுணுத்தபடி, ஊர் அந்த விருந்தைச் சாப்பிட்டது. பிறகும் ஹுமைத் தலை நிமிரவில்லை. கடலோரத்தில் புதிதாக வீடு கட்டியவர்களிடம் விளக்கை அணைக்கச் சொல்லப் போவார். அதையும் வாசலுக்கு வெளியே தள்ளி நின்றே கேட்பார். சிலர் அணைத்தார்கள்.

மஸ்கத் ஆஸ்பத்திரிக்குப் போக மருமகனின் காரில் ஏறிய அன்றுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ்கிட்ட துஆ செய்யறேன் காக்கா. உங்களை மாதிரி நல்ல மனுஷனை..." என்று ஆரம்பித்தேன்.

"அப்படிச் சொல்லிக் கேக்காதே. தெரிஞ்சே செஞ்சவன்னு சொல்லிக் கேளு. படைச்சவன் முன்னாடியும் ஜோடிச்சுக்கிட்டு நிக்க எனக்கு வெக்கமா இருக்கு."