ஆயம்மாள் சாய்க்காத புளியமரம்

எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோடுகளை மறித்தார்கள் அல்லவா, அப்போது தியாகதுருகம் டீக்கடையில் ஒரு வதந்தி சூடாக ஓடியது. ரோட்டுக்குக் குறுக்கே புளியமரத்தைச் சாய்த்தவள் ஆயம்மாளாம். கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வெட்ட வந்தவளுக்கு இந்த மறியலில் என்ன பங்கு? விசாரிக்கப் போனேன்.

அந்த வருஷம் மழை இல்லை. மலையில் சாமை கருகியதும் ஆயம்மாள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். நிலக்காரர் அரங்கநாதனின் கரும்பை வெட்டி வண்டியில் ஏற்றினார்கள், ஆலை ரோட்டில் மரம் விழுந்தது, வண்டிகள் வழியிலேயே நின்றன. கரும்பு காய்ந்து, ஆலைத் தராசில் எடை குறைந்தது. கூலியோ எடைக்கு. வழியில் காய்ந்தால் நஷ்டம் நிலக்காரருக்கு, வெட்டியவர்களே வண்டியை மறித்தால் அவர்களுக்கு என்பது இங்கே வழக்கம். அரங்கநாதன் வழக்கத்தை மீறாதவர், ஆனால் நஷ்டத்தை அவர்கள் கூலியில் பிடித்திருந்தார். ஆகவே, மரத்தை ஆயம்மாள் சாய்த்துவிட்டாள்.

"கைல கத்தி இருக்குது இல்ல? அவதான்" என்றார் அரங்கநாதன்.

"கரும்புக் கத்தியில புளியமரம் சாயுமாங்க?"

"மலைக்காரிங்க இன்னாவும் செய்வாளுங்க. நீ எழுதிட்டுப் போய்க்கினே இரு."

ஆயம்மாள் ஆட்களோடு அவர் அடுத்து வெட்டவேண்டிய வயலின் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். என்னை அவளுக்கும் பிடிக்கவில்லை.

"அவரு அனுப்ச்ச ஆளா நீ?"

"பேப்பர்ல எழுதுறவன்."

"அப்ப எழுது. புடிச்ச கூலி வராம இந்த வயல்ல கத்தி வெக்கமாட்டோம். கரும்பு முத்திக்கினு நிக்குது. நிக்கட்டும்."

அரங்கநாதன் அவளைத் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். பின்னாலேயே மறியல்காரர் நாராயணசாமி, தோளில் நீள ரம்பத்தோடு. டீக்கடை வதந்தி அவர் காதிலும் விழுந்திருந்தது.

"இன்னா மாமா இது நாயம்? ஆறு பேரு மாத்தி மாத்தி இழுத்து மரத்தச் சாச்சது நாங்க. பேரு மட்டும் இந்தப் பொம்பளைக்கா? இந்தாங்க உங்க ரம்பம். ரெண்டு பல்லு போச்சி, கோச்சிக்காதீங்க."



"சங்கராபுரம் ரோட்டுலன்னு தானடா வாங்கிக்கினு போனீங்க" என்றார் அரங்கநாதன், மெதுவாக.

ஆயம்மாள் வெற்றிலையைத் துப்பினாள். "போன பல்லையும் எங்க கூலில புடிச்சிக்கோங்க."

மரம் சாய்த்த ரம்பத்தைப் போலீஸ் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்த வாரம் அது. அரங்கநாதன் என்னைப் பார்த்தார், ரம்பத்தைப் பார்த்தார், மடியை அவிழ்த்தார். பிடித்த கூலியை அவள் கையில் தராமல் வரப்பில் வீசினார். அவள் குனியவில்லை, அவரே பொறுக்கித் தரும்வரை எட்டுப் பேரும் உட்கார்ந்தே இருந்தார்கள். பிறகு வயலில் இறங்கினார்கள்.

வேலை நின்ற நாட்களில் வெட்டுக்காரர்களுக்குக் கஞ்சிக்கு ஒரு மரக்கால் கேழ்வரகு அளப்பதும் இங்கே வழக்கம்தான். அதை ஆயம்மாள் தினமும் கேட்டாள். "வேல செய்யாதவங்களுக்கு வயிறு எதுக்கு?" என்றார் அரங்கநாதன். வெட்டு முடியும்வரை கேழ்வரகு வரவில்லை.