வால்வுக்கு வைத்த சந்தனம்

ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது எதையும் நாள் குறித்து எழுதிவைக்கும் பைத்தியம் எனக்கு இருந்தது. கோழி அடைக்கு உட்கார்ந்த நாள், கரண்ட் போன நேரம், எல்லாம் நோட்டில் ஏறிவிடும். அந்த நோட்டு இன்னும் இருப்பதால் இதை நினைவை மட்டும் நம்பி எழுதவில்லை.

அம்மாவின் தம்பி உறுவையாற்றில் எங்கள் வீட்டில் தங்கி, திருபுவனையில் வேலைக்குப் போய்வந்தார். மாமா ஆசைப்பட்டு வாங்கியது, இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வைத்த பழைய பெட்ரோல் கார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் புறாக்கூட்டம் எழும்புவதுபோல் படபடக்கும். போக வழியில்லாத காற்று திரும்பிவந்து டர்போவையே அடிக்கிறது, சுற்றுவழியில் திருப்பிவிட பைபாஸ் வால்வு வேண்டும் என்றார் மாமா.

அப்பா கெடு வைத்தார். "ஞாயித்துக்கெழம விழுப்புரம் ரோட்டுல ஒரு ரவுண்டு போவோம் மச்சான். புறா பறந்துச்சுன்னா, திங்கக்கெழம வண்டிய வித்துடணும். இன்னா?"

வால்வு வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை அம்மா அதைச் சாமி படத்துக்கு முன் வைத்து, சந்தனம் குங்குமமிட்டு, சூடம் காட்டிக் கொடுத்தாள். சனிக்கிழமை மாமா மாட்டினார். ஞாயிறு காலை தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தார். படபட.

பானட்டுக்குள் தலையை விட்டு ஒவ்வொரு கிளாம்ப்பாகத் தடவிப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான்டி இருக்கு," என்றார் என்னிடம், அழாத குறையாக. வீட்டுக்குள்ளிருந்து அப்பா குரல் கொடுத்தார்: "இன்னா மச்சான், புறா முட்ட வுட்டுச்சா?"

எனக்குத் தெரிந்த உதவி ஒன்றுதான். நோட்டைப் பிரித்து நடந்ததையெல்லாம் வரிசையாகப் படித்தேன். "வெள்ளி. அம்மா வால்வுக்கு மூன்று இடத்தில் சந்தனம் வைத்தாள். தலை, வயிறு, மூக்கு."

மாமாவின் கை நின்றது. நான் மூக்கு என்று எழுதியது வால்வின் உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த சின்னக் குழாய். கால் எடுக்கும்போது இஞ்சின் அதன் வழியாக உறிஞ்சினால்தான் வால்வு திறக்கும். அதில் மாட்டியிருந்த ரப்பர் ஓஸைக் கழற்றினார். துளைக்குள் சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது.

"அக்கா, ஊக்கு ஒண்ணு குடு."

அம்மா வளையலிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். "இன்னாடா அடைச்சினு இருக்கு?"

"தூசிக்கா."

பதினொன்றே காலுக்குக் கிளம்பினோம். திருபுவனை தாண்டியதும் மாமா மிதித்து, சட்டென்று காலை எடுத்தார். சத்தமில்லை. மறுபடியும் எடுத்தார். இல்லை. அப்பா கண்ணாடியை இறக்கிக் காதை வெளியே நீட்டினார். காற்றுதான் கேட்டது. மூன்றாம் தடவைக்குப் பிறகு அப்பா, "ஓரமா நிறுத்து. நான் ஓட்றேன்," என்றார். பின்சீட்டில் நான் கைதட்டினேன். வீடு வரும்வரை அவர் ஸ்டியரிங்கைக் கொடுக்கவே இல்லை.

"காலைல இன்னாதான் கோளாறு?" என்று கேட்டார் அப்பா.

"ஓஸ் லூசா மாட்டிட்டேன் மாமா. என் தப்புதான்." மாமா என் பக்கம் திரும்பினார். "நீயும் அப்படியே எழுதிக்கோடி."

கோபத்தோடு எழுதினேன். அந்த நோட்டில் உள்ள ஒரே பொய் அதுதான்.

அந்த வருஷ ஆயுத பூஜையன்று சைக்கிள், மோட்டார், அரிவாள்மனை என எல்லாவற்றுக்கும் அம்மா சந்தனம் வைத்தாள். கார் பானட்டைத் திறந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து வால்வின் தலையில் ஒட்டினாள். மாமா டயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தார்.

"இன்னாடி, சந்தனம் தீந்துபோச்சா?" என்றார் அப்பா. அம்மா கிண்ணத்தை எடுத்து முந்தானையால் மூடிக்கொண்டாள்.

அன்றைய பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "கிண்ணத்தில் சந்தனம் பாதிக்கு மேல் இருந்தது. காருக்கு மட்டும் ஸ்டிக்கர். அன்று அடைத்தது தூசியில்லை என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அம்மாவிடம் கேட்க வேண்டும்."