உறை இல்லாத கத்தி

மகா யுத்தம் முடிந்து அண்ணா கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியபோது அவர் பெட்டியை முதலில் குடைந்தவன் நான்தான். அண்ணா அங்கே பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். துணிகளுக்கு அடியில் ஒரு குட்டைக் கத்தி கிடந்தது. சிவப்புத் தோல் உறை, அதன் முதுகில் கை நுழைகிற அளவுக்கு ஒரு தோல் வளையம்.

சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை செய்கிற குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் தோலா? கடல் கடந்ததற்குப் பிராயச்சித்தமாக அண்ணா குளத்தில் முழுகப் போயிருந்தார். அம்மா என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். ஆசாரத்தில் அப்பாவையே மிஞ்சிய வயது எனக்கு. உறையைக் கழற்றி, பிடியில் சுற்றியிருந்த தோலையும் உரித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகவதி ஆற்றில் எறிந்தேன். இரும்பைப் புளி போட்டுத் தேய்த்தேன். குரங்கு கையில் பூமாலை என்பார்கள். பூமாலையையாவது மறுநாள் வேறு கட்டிக்கொள்ளலாம்.

தோலைக் கழித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அண்ணா ஈர வேட்டியோடு நின்று ஆற்றுப் பக்கம் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. மேற்கு ஆப்பிரிக்கச் சிப்பாய் ஒருவன் ஜுரத்தில் அண்ணா கையைப் பிடித்துக்கொண்டே இறந்திருக்கிறான். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. தன் இடது முன்கையில் மாட்டியிருந்த கத்தியைக் கழற்றிக் கொடுத்து, மேற்கே காட்டி, ஒரு குழந்தையின் உயரத்தையும் கையால் காட்டினானாம். சேர்த்துவிடுகிறேன் என்று அண்ணா தலையாட்டிவிட்டார். அவன் பேர், ஊர் விசாரிப்பதற்குள் மறுநாளே முகாம் கலைந்தது. அவன் எந்த ஊர் என்பதை இனிக் கத்திதான் சொல்ல வேண்டும்.

சில வருஷங்கள் விசாரித்து அலைந்த பின், பட்டணத்தில் ஜனங்கள் செத்த காலேஜ் என்று சொல்லும் மியூசியத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். அங்கிருந்த அதிகாரி எங்கள் கத்தியைப் பார்த்ததும் உள்ளேயிருந்து மூன்று கத்திகளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அலகு நான்கும் ஒன்றுபோலவே இருந்தன. உறைகள் மட்டும் வேறு வேறு. மேற்கு ஆப்பிரிக்காவின் வடபாகத்தில் பல ஊர்களில் இப்படிக் கையில் மாட்டுவார்கள், இரும்பைக் கொண்டு ஊர் சொல்ல முடியாது, தோலின் தையலும் பின்னலும்தான் சொல்லும் என்றார். எங்கள் உறை எப்படி இருந்தது என்று கேட்டார். சிவப்பு என்பது மட்டும்தான் அண்ணாவுக்கு நினைவிருந்தது. மேஜைமேல் இருந்த மூன்றும் சிவப்பு. எனக்கும் அதற்கு மேல் நினைவில்லை. நான்தான் பார்க்காமலே எறிந்தவனாயிற்றே.

"உறை என்ன ஆச்சு?" என்றார் அதிகாரி.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணா சொன்னார்: "கப்பல்லயே தொலைஞ்சு போயிடுத்து."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

திரும்பும் ரயிலில் கத்தியைத் துண்டில் சுற்றி, அந்தச் சிப்பாய் மாட்டியிருந்த இடத்திலேயே, இடது முன்கையோடு சேர்த்து வைத்துக்கொண்டார். மாட்டிக்கொள்ள வளையம் இல்லாததால், காஞ்சிபுரம் வரும்வரை வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டே வந்தார்.