கதவைச் சாத்திச் செய்த ஆராய்ச்சி

அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி, "மனசு எப்படி இருக்குது?" என்று கேட்பதற்கும் சம்பளம் தருகிறார்கள். கணக்கெடுப்பு வேலையில் என்னோடு அவதிப்படும் நண்பர்களே, உங்களுக்கு இது புதிதல்ல.

மழைக்காலத்தில் மனம் சோர்வதற்கும், வீட்டுக்குள் தேங்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் தொடர்பு உண்டா? இதுதான் மரக்காணத்துக்கு வந்த ஆராய்ச்சி. கரியோ விறகோ போதிய காற்றில்லாமல் எரிந்தால் வரும் வாயு அது. நிறமில்லை, வாசனையில்லை. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், மிஞ்சினால் உயிரே போகும்.

மகிழ்ச்சி பற்றிய கேள்வி

ஐப்பசி மழை. உப்பளம் முழுக்கத் தண்ணீர். வேலையில்லாமல் வீட்டிலிருந்த உப்பளத் தொழிலாளி ஏழுமலையிடம், ஆராய்ச்சித் தலைவரான டாக்டர் சொல்லித் தந்த கேள்வியை அப்படியே கேட்டேன்: "இந்தப் பருவத்தில் உங்களுக்கு மகிழ்ச்சி குறைகிறதா?" பெரியவர் அளத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்பா, உப்பு வாரின எடத்துல மீன் நீந்துது. நான் சிரிச்சிக்கினு இருந்தாதான் நீ டாக்டரைக் கூட்டினு வரணும்."

உள்ளறை

அவர் மகள் தேவகி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர்காற்று ஆகாதென்று ஜன்னலில் சாக்கை அடைத்து, கட்டிலருகே கரி நெருப்புச் சட்டி வைத்திருந்தார்கள். மழையில் காயாத குழந்தைத் துணிகளும் அதற்கு மேலேதான் தொங்கின. தேவகிக்கு ஓயாத தலைவலி, வாந்தி. யாரோடும் பேச்சில்லை. அந்த வாயுவை அளக்கும் கருவியை உள்ளே கொண்டுபோனதும் அது அலறியது. தேவகியின் அம்மா முனியம்மாள் பாய்ந்து வந்தார்.

"பச்சப்புள்ள தூங்குது, அந்தப் பொட்டி வாயை மூடு சார்!"

நல்ல வீடு

வாசலுக்கு ஓடி டாக்டருக்குப் போன் செய்தேன். ஏசி அறையில் இருந்தவர் பூரித்துப்போனார். சோர்வும் வாயுவும் ஒரே அறையில் கிடைத்த அருமையான வீடாம். ஜன்னலைத் திறக்கட்டுமா என்றேன். மனிதருக்குப் படிப்பில் ஒரு குறையும் இல்லை.

"ஒரு வாரம் எதையும் மாத்தாதீங்க, டேட்டா கெட்டுடும்!"

ஜன்னல்

போனை வைத்துவிட்டுச் சாக்கை உருவினேன். நெருப்புச் சட்டியை மழையில் கொண்டுபோய் வைத்தேன். இந்த வாயு ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும் என்று சொன்ன பிறகுதான் முனியம்மாள் திட்டுவதை நிறுத்தினார். ஏழுமலை ஆட்டோ பிடித்து வந்தார். ஆஸ்பத்திரியில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். இருவரும் தேறி வீடு திரும்பினார்கள்.

அடுத்த வாரம் டாக்டரே காரில் வந்து இறங்கினார். திறந்து கிடந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, இழவு வீட்டுக்கு வந்தவர்போல் நின்றார். தேவகி பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டாள்:

"நாங்க நல்லாதான் இருக்கோம். உங்க மொகம் ஏன் சார் இப்படி வாடிப்போச்சு?"

தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டதால் கெட்டுப்போன அந்த ஆராய்ச்சிக்கு, என் இடத்தில் இப்போது ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள், ஜன்னல் திறக்கத் தெரியாதவர்களுக்கு முன்னுரிமை உண்டு.